தாத்தாவின் பென்சில் நோட்டும் என் முதல் புரோகிராமும்

(மூன்றாம் ஆண்டு கணிப்பொறியியல் மாணவன் ஒருவன் எழுதியது)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் இரண்டு வாரமாக என்னைத் துரத்தினார். "கவிதை வேண்டாம்டா, ஏற்கெனவே பதினேழு வந்திருக்கு, எல்லாத்துலயும் நிலா இருக்கு" என்றார். சரி, நிலா இல்லாத ஒன்றை எழுதுகிறேன். இது ஒரு பெயரைப் பற்றிய கதை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றிய கதையும்கூட.

கணிப்பொறித் துறை அல்லாத நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் பாதி என் தாத்தாவைப் பற்றித்தான்.

நான்காம் செமஸ்டர் விடுமுறையில் நான் ஒரு சின்ன கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனேன். கேளம்பாக்கம் பக்கம். கம்பெனி பெயர் வேண்டாம். புதுப்பட்டினத்தில் காலை ஆறேகாலுக்குப் பஸ் ஏறினால் மாமல்லபுரத்தில் ஜன்னலோர சீட் கிடைக்கும், கோவளம் தாண்டும்போது தூக்கம் கலையும். கம்பெனியில் மொத்தம் பதினோரு பேர். ஒரு மொத்த வியாபாரக் கிடங்குக்கு அவர்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். சரக்கு வரவு, பில், லாரி வாடகை, வரி என்று பல பகுதிகள் கொண்ட பெரிய புரோகிராம். இந்த மாதிரிப் பலரும் பல இடத்திலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தும் புரோகிராமைத்தான் 'என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்' என்கிறார்கள். நாம் லேபில் எழுதும் புரோகிராம் ஒரு மெஷினில் பிறந்து அதே மெஷினில் சாகும். அது அப்படியல்ல. புரோகிராம் ஒரு மெஷினில், டேட்டாபேஸ் வேறொரு மெஷினில், பிரின்டர் கிடங்கில், முதலாளி வீட்டில்.

எனக்குக் கொடுத்த வேலை சின்னது. கிடங்கில் மூட்டை இறக்குகிற லோடுமேன்கள், பொறுக்கிப் பிரிக்கிற பெண்கள் எல்லாம் சேர்த்து 38 பேர். வாரக் கூலி. சனிக்கிழமை மாலை ஆளுக்கொரு கூலிச் சீட்டு அச்சாக வேண்டும். எத்தனை நாள், எத்தனை மூட்டை, முன்பணம் எவ்வளவு, கையில் எவ்வளவு. அந்தச் சீட்டைக் கொடுத்தால்தான் கேஷியர் பணம் எண்ணுவார். அதற்கு ஜாவாவில் ஒரு பகுதி எழுத வேண்டும்.

நான்கு நாளில் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஓடிக் காட்டியது. நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? டேட்டாபேஸ் இருந்த மெஷினின் ஐ.பி. எண், அதன் வாசல் எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் புரோகிராமுக்குள்ளேயே அப்படியே எழுதி வைத்திருந்தேன். நமக்குக் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தானே? ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதி வெளிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். வைவாவில் யாரும் "மெஷின் மாறினால் என்ன ஆகும்?" என்று கேட்டதில்லை.

மூன்று சனிக்கிழமை நன்றாக ஓடியது. நான்காவது சனிக்கிழமை மதியம், பழைய சர்வரில் டிஸ்க் தகராறு செய்ததால், டேட்டாபேஸை வேறொரு மெஷினுக்கு மாற்றினார்கள். பில் ஓடியது. சரக்கு வரவு ஓடியது. லாரி வாடகை ஓடியது. கூலிச் சீட்டு மட்டும் ஓடவில்லை.

நான் அப்போது வீட்டில் இருந்தேன். கம்பெனியில் அன்று இருந்தவர் ஒருவர்தான், அவருக்கு என் புரோகிராம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்து, கிடங்கில் இருந்து ஓர் அம்மா பேசினார்கள். குரலில் கோபம் இல்லை. "தம்பி, சீட்டு வரலன்னா துட்டு வராதாமே? நீதான் எழுதுனியாமே? கொஞ்சம் பாருப்பா" என்றார்கள். மணி ஏழு. கடைசி பஸ் பிடித்துப் போனாலும் கேளம்பாக்கம் போய்ச்சேர ஒன்பதாகும், கேஷியர் எட்டுக்கே பூட்டிவிடுவார். போனில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 38 பேருக்கும் திங்கட்கிழமைதான் பணம் கிடைத்தது.

சனிக்கிழமைக் கூலி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. என் அம்மா வாரக் கூலிக்குப் போனவர். சனிக்கிழமை ராத்திரிதான் மளிகைக் கடைக் கணக்கு அடையும், ஏலச்சீட்டுக்காரர் வருவார், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவாகும். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

திங்கட்கிழமை திட்டு விழும் என்று தயாராகப் போனேன். சீனியர் அக்கா ஒருவர் இருந்தார். முதல் வாரம் 'மேடம்' என்று கூப்பிட்டேன், "அக்கான்னே கூப்பிடு, மேடம்னா வயசான மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவர் என் புரோகிராமைத் திறந்து பார்த்தார். அந்த ஐ.பி. எண் இருந்த வரியைப் பார்த்தார். பாஸ்வேர்டு இருந்த வரியைப் பார்த்துக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்க ஊருக்கு வந்து ஒருத்தரைத் தேடணும்னா நான் எப்படித் தேடுவேன்?"

"பேரைச் சொல்லி யாரையாவது கேட்பீங்க."

"வீட்டு நம்பரை மனப்பாடம் பண்ணிட்டு வரமாட்டேன் இல்ல? அவர் வீடு மாறியிருந்தா?"

அவ்வளவுதான். எனக்குச் சட்டென்று தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

என் தாத்தா போஸ்ட்மேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், கேட்கிற காது ஒன்றுதான், ஆனால் நினைவு மட்டும் இரும்புப் பெட்டி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. கல்பாக்கத்திலும், எங்கள் புதுப்பட்டினத்திலும், சதுரங்கப்பட்டினத்திலும் கடலோரக் குப்பங்கள் என்ன ஆயின என்று இந்த வட்டாரத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். தாத்தா சொல்லும் கதை அடுத்த மாதத்தைப் பற்றியது.

ஜனவரி வந்தது. தபால் வந்தது. முதியோர் உதவித்தொகை அப்போது மணியார்டரில்தான் வரும். பாரத்தில் பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது, கதவு எண் இருக்கிறது. ஆனால் அந்தத் தெரு இல்லை. கதவும் இல்லை. சிலர் பள்ளிக்கூடத்தில், சிலர் கல்யாண மண்டபத்தில், சிலர் உறவுக்காரர் வீட்டில், பிறகு எல்லோரும் தற்காலிக ஷெட்டுகளில். சட்டப்படி பார்த்தால் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம். தாத்தா அனுப்பவில்லை. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். குப்பத்துப் பெரியவரிடம் போவார். அவருக்குத் தெரிந்தவர்களைச் சொல்வார். தெரியாதவர்களுக்கு, "அந்தத் தெருக்காரங்கள வலை பின்னுற கிழவனாண்ட கேளு" என்பார். வலை பின்னுகிறவர், "அவங்க அக்கா வூட்டுக்குப் பூட்டாங்க, ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும்" என்பார். ஒவ்வொருவருக்கும் எல்லாம் தெரியாது. ஆனால் யாரைக் கேட்டால் தெரியும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நோட்டில் எல்லாம் பென்சிலில்தான். என் அப்பா (அப்போது இளைஞர், உதவிக்குக் கூடப்போனவர்) ஒருநாள் பேனாவில் எழுதிவிட்டாராம். தாத்தா கத்தியிருக்கிறார்: "அத்த ஏன்டா பேனால எழுதுன? நாளைக்கு ஷெட்டு மாறினா இன்னா பண்ணுவ? பேர பேனால எழுது, எடத்த பென்சில்ல எழுது!"

நான் செய்தது இதற்கு நேர்மாறு. இடத்தைப் பேனாவால் எழுதியிருந்தேன். பெயர் என்று ஒன்றே வைக்கவில்லை.

அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்க தாத்தா பண்ணதுக்குப் பேருதான் நேமிங் சர்வீஸ்" என்றார். அன்றிலிருந்து பயிற்சி முடியும்வரை எனக்கு அதே பாடம்தான்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய வரலாறு. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், எந்த மெஷினுக்கு எந்த எண் என்பது ஒரே ஒரு கோப்பில் இருந்ததாம். 'ஹோஸ்ட்ஸ்' என்று பெயர். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில், எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு மெஷினைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், அலுவலக நேரத்தில்! மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். ஊர் முழுக்க ஒரே நோட்டு, ஒரே போஸ்ட்மேன். மெஷின்கள் சில நூறைத் தாண்டியதும் மூச்சு முட்டியது. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்தார். அதன் யோசனை எங்கள் குப்பத்து யோசனையேதான்: ஒருவரிடமே எல்லாம் இருக்க வேண்டாம், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெரியவர், தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கைகாட்டு. கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள், ஆனால் காலாவதி நேரம் போட்டு வை. அந்தக் காலாவதி நேரம்தான் தாத்தாவின் பென்சில்.

"அப்போ டி.என்.எஸ். பேரைப் போட்டிருந்தா போதுமாக்கா?" என்று கேட்டேன். பாதிதான் போதும் என்றார். மெஷின் எங்கே என்று டி.என்.எஸ். சொல்லும். ஆனால் டேட்டாபேஸோடு பேச எனக்குத் தேவை மெஷின் மட்டுமல்ல. வாசல் எண், எந்த டேட்டாபேஸ், எந்தப் பயனர், எந்தப் பாஸ்வேர்டு, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு திறக்கலாம், இத்தனையும் வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரு பெயர் சூட்டி, சர்வரிடம் கொடுத்துவிட வேண்டும். புரோகிராம் பெயரை மட்டும் சொல்லி மூட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த மூட்டைக்கு 'டேட்டா சோர்ஸ்' என்று பெயர். பெயர் சொல்லிக் கேட்கிற முறைக்கு ஜாவாவில் ஜெ.என்.டி.ஐ. என்று பெயர். 'ஜாவா நேமிங் அண்ட் டைரக்டரி இன்டர்ஃபேஸ்'. சன் நிறுவனம் கொண்டுவந்தது. 2000இல் வந்த ஜாவா 1.3இலிருந்து ஜாவாவோடேயே சேர்ந்து வருகிறது.

செய்முறை இவ்வளவுதான். டாம்கேட் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு 'ரிசோர்ஸ்' எழுதுகிறோம். அதில் முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் போட்டு, பெயர் கொடுக்கிறோம். நான் கொடுத்த பெயர் 'கூலி'. புரோகிராமில் 'இனிஷியல் கான்டெக்ஸ்ட்' என்று ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது தபால் நிலையத்தின் கவுன்டர் மாதிரி. அங்கே நின்று 'லுக்கப்' என்று பெயரைச் சொன்னால் மூட்டை கைக்கு வரும்.

முதல்முறை எனக்கு வரவில்லை. 'நேம் நாட் ஃபவுண்ட் எக்ஸப்ஷன்' என்று வந்தது. அதாவது சுத்தத் தமிழில் 'விலாசதாரர் இல்லை'. ஒன்றரை மணி நேரம் தேடினேன். வெறும் பெயரைச் சொல்லியிருந்தேன். பெயருக்கு முன்னால் 'ஜாவா' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, 'காம்ப்', 'என்வ்' என்ற இரண்டு படிகளைச் சொல்ல வேண்டும். 'இந்தப் புரோகிராமுக்கென்று ஒதுக்கிய அலமாரி' என்று அதற்குப் பொருள். புதிதாகப் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கட்டாயம் விழுவீர்கள். விழுந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு அழகு உண்டு. ஜெ.என்.டி.ஐ. கேட்கிற வாய் மட்டும்தான். பதில் சொல்லும் காது யாருடையதாகவும் இருக்கலாம். சர்வரின் சொந்த நோட்டாக இருக்கலாம், டி.என்.எஸ்.ஸாக இருக்கலாம், எல்டாப் டைரக்டரியாக இருக்கலாம். கேட்கிறவன் பாஷை மாறாது.

எல்டாப் என்றேன் அல்லவா? அதுதான் 'டைரக்டரி' என்ற இரண்டாவது பாதி. பெயரைச் சொன்னால் பொருளைத் தருவது நேமிங். பெயரோடு விவரங்களையும் வைத்துக்கொண்டு, 'இந்தத் துறையில் யார் யார் இருக்கிறார்கள்?' என்று தேடவும் விடுவது டைரக்டரி. 1988இல் எக்ஸ்.500 என்று ஒரு பெரிய தரம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவது போல. அதன் எளிய வடிவமாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலானவர்கள் உருவாக்கியது எல்டாப், 1993இல் ஆவணமாக வந்தது. இன்று பெரிய அலுவலகங்களில் ஒரே பாஸ்வேர்டில் மெயிலும் திறக்கிறது, கம்ப்யூட்டரும் திறக்கிறது என்றால் பின்னால் பெரும்பாலும் இதுவோ, 2000இல் விண்டோஸோடு வந்த ஆக்டிவ் டைரக்டரியோ இருக்கும்.

எல்டாப்பில் ஒருவரின் முழுப்பெயரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் ஆள், பிறகு பிரிவு, பிறகு நிறுவனம், கடைசியில் நாடு. நம் கவரில் எழுதுவது போலவே! பெயர், தெரு, புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் கோப்புப் பாதை எழுதும்போது மட்டும் பெரியதிலிருந்து சின்னதுக்கு வருகிறோம். இரண்டும் ஜெ.என்.டி.ஐ.க்குத் தெரியும், எந்தப் பக்கமிருந்து படிப்பது என்பதைப் பின்னால் இருக்கும் டைரக்டரிதான் சொல்கிறது.

சிரிப்பு அதோடு நிற்கவில்லை. அந்த 38 பேரையும் ஒரு எல்டாப் டைரக்டரியில் ஏற்றும் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தார். ஒரு மனிதரைச் சேர்க்க இரண்டு விவரம் கட்டாயம்: வழங்கும் பெயர் ஒன்று, 'சர்நேம்' ஒன்று. இரண்டாவது இல்லாவிட்டால் உள்ளேயே விடாது. நம் ஆட்களுக்கு ஏது சர்நேம்? நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. அந்த அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன், "உங்க சர்நேம் என்னம்மா?" என்று. "சர்க்காரு நேமா? ரேஷன் கார்டுல இருக்கறதா?" என்றார்கள். கடைசியில் எல்லோருக்கும் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டேன். அப்பா பெயர் சொல்ல விரும்பாத ஒருவருக்கு அவர் பெயரையே இரண்டு முறை போட்டேன். எங்கேயோ வெள்ளைக்காரர் வீட்டுப் பெயர் முறையை நினைத்து எழுதிய விதி, நம் கிடங்கு லோடுமேனிடம் வந்து குடும்பப் பெயர் கேட்கிறது. தரம் எழுதுகிறவர்கள் ஒருமுறை நம் ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஒரே பெயரில் பலர் இருக்கும் சங்கடமும் உண்டு. தாத்தாவின் நோட்டில் கன்னியம்மா மட்டும் மூன்று. 'மேட்டு வீட்டு', 'ஐஸ் கம்பெனி', 'கடைசி மருமகள்' என்று பிரித்து வைத்திருக்கிறார். எல்டாப்பில் அதற்குத் தனி அடையாளம் ஒன்று கொடுக்கிறோம், 'யு.ஐ.டி.' என்று. எண்தான். ஐஸ் கம்பெனி அளவுக்கு அதில் சுவை இல்லை.

பெயர் விஷயத்தில் நம் வட்டாரத்துக்கு இணை எதுவும் இல்லை என்றே சொல்வேன். மாமல்லபுரம் என்றாலும் மகாபலிபுரம் என்றாலும் ஒரே ஊர். பஸ் போர்டில் இரண்டும் பார்த்திருக்கிறேன். சதுரங்கப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் 'சத்ராஸ்' ஆக்கினார்கள். 1782இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இந்தக் கடலில் நடந்த சண்டையை வரலாற்றுப் புத்தகங்கள் அந்தப் பெயரில்தான் சொல்கின்றன. ஒரே பொருள், பல பெயர். டைரக்டரியில் இதற்கு 'ஏலியாஸ்'. அதேசமயம் புதுப்பட்டினம் என்ற பெயரில் கொள்ளிடம் பக்கமும் ஓர் ஊர் இருக்கிறது. ஒரே பெயர், பல பொருள். இதைத் தீர்ப்பது முழு முகவரி. அந்த முழு முகவரிதான் எத்தனை முறை மாறியிருக்கிறது! செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமானது, 1997இல் அது பிரிந்தபோது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பர் 29 முதல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னால், "மாவட்டத்த எவன் பாத்தான்? 603102ன்னு இருந்தா என் கைக்கு வந்துரும்" என்பார். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின் பெருமை அது.

மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். ஆனால் ரயில்வே கணிப்பொறிக்கு அது இன்னும் எம்.ஏ.எஸ்.தான். மெட்ராஸ் அங்கே உயிரோடு இருக்கிறது. விமானத்துக்கு எம்.ஏ.ஏ. ஏன் மாற்றவில்லை? அந்த மூன்றெழுத்தை நம்பி எத்தனையோ புரோகிராம்கள் நிற்கின்றன. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். உச்சரிப்பைத் திருத்த நினைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் இப்போது அந்தச் செய்தியைப் படித்தால், எத்தனை டேட்டாபேஸ்களில் ஊர்ப் பெயரையே சாவியாக வைத்திருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. பயிற்சி என்னை எப்படிக் கெடுத்துவிட்டது பாருங்கள்!

ஜாவாக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி வந்தது. பெரிய நிறுவனங்களுக்கான ஜாவாவை ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைத்தபோது 'ஜாவாக்ஸ்' என்ற முன்பெயரைத் தொடர்ந்து வளர்க்க அனுமதி கிடைக்கவில்லை. 2020இல் அதெல்லாம் 'ஜகார்த்தா' ஆனது. ஆயிரக்கணக்கான புரோகிராம்களில் வரிவரியாகத் திருத்த வேண்டியதாயிற்று. ஜெ.என்.டி.ஐ. ஜாவாவின் அடிப்படையிலேயே இருப்பதால் மட்டும் தப்பித்துப் பழைய பெயரோடு இருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். பெயரைக் கேட்டால் பொருள் கிடைக்கும் என்றேன். யார் சொன்ன பெயர் என்று பார்க்காமல் கேட்டால் என்ன ஆகும்? 2021 டிசம்பரில் உலகமே பார்த்தது. ஜாவா புரோகிராம்கள் தம் நடவடிக்கைகளைப் பதிவு செய்ய 'லாக்4ஜெ' என்ற இலவச நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் 2013இல் ஒரு வசதி சேர்த்தார்கள்: பதிவு செய்யும் வாசகத்துக்குள் ஜெ.என்.டி.ஐ. பெயர் ஒன்று குறிப்பிட்ட அடையாளங்களோடு இருந்தால், அதைத் தேடிப் பார்த்து விடையை எழுதும். விளைவு? ஒரு போக்கிரி, லாகின் பெட்டியிலோ சாட் பெட்டியிலோ தன் எல்டாப் சர்வரின் விலாசத்தை எழுதினால் போதும். புரோகிராம் அதைப் பதிவு செய்யப் போய், அந்த விலாசத்தைத் தேடிப் போய், அங்கிருந்து வந்த புரோகிராமை வாங்கித் தன் வீட்டிலேயே ஓட்டிவிடும். அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து. மைன்கிராஃப்ட் விளையாட்டின் சாட் பெட்டி வழியாகக்கூட நுழைந்தார்கள். நம் ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிவரை அதை விளையாடுகிறவர்கள் கவனிக்கவும்!

இதைச் சொன்னபோது தாத்தா ஆச்சரியப்படவில்லை. யாரோ வழியில் நிறுத்தி, "இந்த லெட்டரைப் பிரிச்சுப் படிச்சு, அதுல போட்ட எடத்துக்குப் போய், குடுக்கறத வாங்கியாந்து போஸ்ட் ஆபீஸ்ல வைன்னு சொன்னா எந்த போஸ்ட்மேன்டா செய்வான்?" என்றார். அவருக்கு ஒரு வரியில் புரிந்தது, கணிப்பொறி உலகத்துக்கு எட்டு வருடம் கழித்துத் தெரிந்தது.

என் இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஜெ.என்.டி.ஐ. வழியாக மூட்டையை வாங்கினேன், அதிலிருந்து ஓர் இணைப்பை எடுத்தேன், வேலை முடிந்ததும் திருப்பித் தராமல் நானே வைத்துக்கொண்டேன். அடிக்கடி கேட்பானேன் என்ற புத்திசாலித்தனம்! சாயங்காலம் ஓடியது. மறுநாள் காலை ஓடவில்லை. மைஎஸ்க்யூஎல் எட்டு மணி நேரம் சும்மா இருக்கும் இணைப்பைத் தானே துண்டித்துவிடும், அதுதான் அதன் வழக்கமான அமைப்பு. செத்த இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் புரோகிராம் பேசிக்கொண்டிருந்தது. "மூட்டையை வெச்சுக்கோ, இணைப்பை அப்பப்போ வாங்கித் திருப்பிக் குடு" என்றார் அக்கா. இந்த முறை கண்ணை மூடவில்லை, சிரித்தார்.

இன்று புதிய கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குப் போய் ஜெ.என்.டி.ஐ. என்றால் 'பழைய சரக்கு' என்று சிலர் சொல்லக்கூடும். இப்போது ஸ்பிரிங் பூட், குபர்னெட்டிஸ் காலம். இருக்கட்டும். குபர்னெட்டிஸிலும் ஒரு சர்வீஸை இன்னொன்று பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது, உள்ளே டி.என்.எஸ்.தான் ஓடுகிறது. வங்கிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் பழைய சரக்கும் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது. பராமரிக்க ஆள் வேண்டும். டிப்ளமோ படித்தவனுக்கு முதல் வேலை பெரும்பாலும் அங்கேதான்.

பயிற்சியின் கடைசி சனிக்கிழமை. மாலை ஐந்தரைக்கு நான் கிடங்கிலேயே போய் உட்கார்ந்திருந்தேன், யாரும் வரச் சொல்லவில்லை. பிரின்டர் ஒவ்வொரு சீட்டாகத் துப்பிக்கொண்டிருந்தது. போனில் பேசிய அந்த அம்மாவை அன்றுதான் நேரில் பார்த்தேன். சீட்டை வாங்கிப் பார்த்து, "எம் பேரு பக்கத்துல எங்கப்பா பேரு போட்டிருக்கியே, நல்லாருக்குது" என்றார்கள். முப்பத்தெட்டாவது சீட்டு வந்தபோது அக்காவிடமிருந்து போன்.

"சீட்டு வருதா?"

"வந்து முடிஞ்சிருச்சுக்கா."

"மதியம் ரெண்டு மணிக்கு டேட்டாபேஸை மறுபடி வேற மெஷினுக்கு மாத்திட்டேன். உன்கிட்ட சொல்லலை."

நான் அந்த வாரக் கதையைத் தாத்தாவிடம் சொல்லும்போது அவர் பரண் மேலிருந்து அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னார். அட்டை போயிருந்தது. ஒரு பக்கத்தில் எங்கள் குடும்பத்தின் பெயரே இருந்தது, பேனாவில். பக்கத்தில் பென்சிலில் எழுதி அழித்து, எழுதி அழித்து, தாள் மெலிந்து ஓட்டை விழுகிற அளவுக்கு இருந்தது. கடைசியாக எழுதியிருந்தது இப்போது நாங்கள் இருக்கும் வீடு.

"இத்த பேனால எழுதிடலாமா தாத்தா?" என்று கேட்டேன்.

அவர் நல்ல காதைத் திருப்பி இன்னொரு முறை கேட்கச் சொன்னார். பிறகு நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடிவிட்டார்.